வளையும் ஸ்பாய்லர், வளையாத பெயின்ட்

பழைய காரின் பின்பக்க ஸ்பாய்லரை, அதாவது டிக்கி மேல் நீட்டி நிற்கும் காற்றுப் பட்டையை, புதுப்பிக்க இறங்குகிறவர்களில் பலர் ஒரே மாதிரிதான் ஏமாறுகிறார்கள். நரைத்துப்போன கருப்பைத் தேய்த்தெடுத்து, பள்ளங்களுக்குப் பட்டி பார்த்து, பிரைமர், பெயின்ட், மேலே பளபளக்கும் நிறமற்ற கிளியர் கோட் என்று வரிசையாக அடித்து முடித்ததும் கண்ணைப் பறிக்கிறது. சில மாதம் போனதும் டிக்கியை மூடும்போது கை அழுத்தும் இடத்தில் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரியும். அடுத்த கோடையில் ஓரங்களில் செதில் செதிலாக உரியும். பெயின்ட் சரியில்லை என்று கடைக்காரரையும், கை சரியில்லை என்று பெயின்டரையும் திட்டுவார்கள். பெரும்பாலும் இரண்டுமே காரணமில்லை. அதே பெயின்ட் அதே காரின் பானெட்டில் பத்து வருடம் நின்றிருக்கும். ஸ்பாய்லர் அசைகிற பொருள். அதன் மேல் ஏற்றிய அடுக்குகளில் ஏதோ ஒன்று அசைய மறுத்துவிட்டது. இவ்வளவுதான் நடந்தது.

இந்தப் பாகத்தை முதலில் ஏன் மெத்தென்று செய்தார்கள் என்று தெரிந்துகொண்டால் வேலையின் பாதி புரிந்துவிடும். 1972-இல் போர்ஷே 911 கரேரா ஆர்எஸ் 2.7 காரின் பின்னால் வாத்து வால் போலத் தூக்கி நின்ற ஸ்பாய்லர், கண்ணாடி இழை சேர்த்த கெட்டி பிளாஸ்டிக்கில் வந்தது. வேகத்தில் காரின் பின்பக்கம் மேலே தூக்கப்படுவதைக் குறைப்பது அதன் வேலை. அதை ஒழுங்காகவே செய்தது. ஆனால் காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூரான விளிம்பு, நடந்து போகிறவருக்கும் சைக்கிளில் போகிறவருக்கும் ஆபத்து. 1974-இல் அறிமுகமான 911 டர்போவின் அகன்ற வாலைச் சுற்றி மெத்தென்ற ரப்பர் விளிம்பு வந்ததற்கு இந்தக் கவலையே பின்னணி.

விதிகளிலும் இது எண்ணாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் கீழ் 1972-இல் நடைமுறைக்கு வந்த 26-ஆம் எண் விதி, காரின் வெளிப்புறத்தில் துருத்தி நிற்கும் பாகங்களின் விளிம்பு வளைவு ஆரம் 2.5 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. அதே விதி ஒரு விலக்கும் தருகிறது: பொருளின் கடினம் ஷோர் ஏ அளவுகோலில் 60-ஐத் தாண்டாவிட்டால் விளிம்பு அதைவிடக் கூராக இருக்கலாம். ஷோர் ஏ 60 என்பது ஏறக்குறைய கார் டயரின் மேல் ரப்பர் அளவுக் கடினம். காற்றைச் சரியாகப் பிரிக்க ஸ்பாய்லருக்குக் கூரான பின் விளிம்பு வேண்டும், ஆளைக் கிழிக்கவும் கூடாது. இரண்டையும் ஒன்றாகக் கொடுக்கக்கூடியது மென்மையான பொருள்தான்.

அட்லான்டிக்கின் மறுகரையில் காரணம் வேறு. அமெரிக்காவில் 1973 மாடல் ஆண்டு முதல், மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கம் மோதினாலும் விளக்கு போன்ற பாதுகாப்புப் பாகங்கள் கெடக் கூடாது என்ற பம்பர் விதி வந்தது. அந்த ஆண்டே செவ்ரோலெட் கார்வெட்டின் மூக்கு, காரின் நிறத்திலேயே பெயின்ட் அடித்த நெகிழும் யூரிதேனுக்கு மாறியது. அதற்கும் முன்பே, 1968-இல், பான்டியாக் ஜிடிஓ-வில் உடல் நிறத்தில் நெகிழும் பம்பர் வந்திருந்தது. வளையும் பொருளுக்கு வளையும் பெயின்ட் அடிக்கும் கலை இந்தக் கார்களோடு சேர்ந்தே வளர்ந்தது. பாகத்தைத் தனியாக வேறு வரிசையில் பெயின்ட் அடித்து, உடல் தகடு வேகும் 140 டிகிரி அடுப்பில் வைக்காமல் 80 டிகிரி சூட்டில் உலர்த்தும் வழக்கமும் அப்படி வந்ததே. ஒரே காரில் பம்பர் ஒரு சாயலும் கதவு ஒரு சாயலுமாகத் தெரிவதன் வேர் இதில் இருக்கிறது.

சரி, அந்த மெத்தென்ற பொருள் எது? ஒன்றல்ல, குறைந்தது மூன்று. பழுது பார்க்கும் முறை முழுவதும் இதைப் பொறுத்தே மாறும்.

முதலாவது பாலியூரிதேன். 1937-இல் ஜெர்மனியின் லெவர்குசனில் ஓட்டோ பேயர் குழுவினர் உருவாக்கிய வேதியியல் குடும்பம் இது. ஐசோசயனேட்டும் பாலியாலும் என்ற இரண்டு திரவங்கள் அச்சுக்குள் சந்தித்து, வினைபுரிந்து, திடமாகின்றன. 924 டர்போவிலும் பின்னர் 944-இலும் பின்கண்ணாடியைச் சுற்றி நின்ற கருப்பு ஸ்பாய்லர் இந்த வகை. இதிலேயே, உள்ளே நுரையும் வெளியே கெட்டித் தோலுமாக ஒரே வார்ப்பில் வரும் வகை ஒன்று உண்டு. அச்சின் குளிர்ந்த சுவரை ஒட்டிய இடத்தில் நுரை எழும்பாமல் அடர்ந்து தோலாகிவிடும். நடுவில் காற்றறைகள் நிறைந்த சதை. தோல் ஓரிரு மில்லிமீட்டர்தான் இருக்கும். இந்த எண்ணைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பாலிப்ரொப்பிலீனோடு ரப்பர் கலந்த டிபிஓ. இன்றைய கார்களின் பம்பர், முன்பக்கக் கீழ் விளிம்பான லிப் எல்லாம் பெரும்பாலும் இதுதான். சூட்டில் இளகும், குளிர்ந்தால் மீண்டும் இறுகும். பாலியூரிதேனோ ஒருமுறை இறுகியதோடு சரி. சூடாக்கினால் உருகாது, கருகும். மூன்றாவது, ஈபிடிஎம் போன்ற உண்மையான ரப்பர். கண்ணாடி ஓரத்தில் ஒட்டிய பழைய சின்ன ஸ்பாய்லர்களிலும், லிப் பட்டைகளிலும் இதைப் பார்க்கலாம்.

கண்டுபிடிக்க முதலில் பாகத்தின் உள்பக்கத்தைப் பார்க்க வேண்டும். இரண்டு கோண அடைப்புக்குறிகளுக்கு நடுவே பி-யூ-ஆர் (பாலியூரிதேன்), டி-பி-ஓ, பி-பி (பாலிப்ரொப்பிலீன்) என்று எழுத்து பொறித்திருந்தால் வேலை முடிந்தது. மறுசுழற்சிக்காக வந்த இந்த வழக்கம் பழைய கார்களில் இருக்காது. அப்போது உப்புத்தாளே சோதனைக் கருவி. கண்ணில் படாத மூலையில் கிரைண்டரால் லேசாகத் தொட்டால் பாலியூரிதேன் தூளாக உதிரும். டிபிஓ உருகி இழுபடும், தாளில் மெழுகு போல அப்பிக்கொள்ளும். சின்னத் துணுக்கைச் சீவித் தண்ணீரில் போட்டால் பாலிப்ரொப்பிலீன் குடும்பம் பொதுவாக மிதக்கும், கெட்டித் தோல் பாலியூரிதேன் மூழ்கும். டால்க் போன்ற நிரப்பி நிறையக் கலந்த டிபிஓ-வும் நுரை ஒட்டிய பாலியூரிதேன் துணுக்கும் இந்தச் சோதனையில் பொய் சொல்லும். ஆகவே இரண்டு சோதனையும் ஒத்துப்போனால்தான் நம்பலாம். துணுக்கைக் கொளுத்தி முகர்ந்து பார்க்கும் பழைய வழக்கம் வேண்டவே வேண்டாம். எரியும் பாலியூரிதேன் புகையில் ஹைட்ரஜன் சயனைடு இருக்கும்.

இனி, இது எப்படிக் கிழடு தட்டுகிறது என்பதைப் பார்ப்போம்.

அந்தக் கால ஸ்பாய்லர்களில் பயன்பட்ட ஐசோசயனேட் பெரும்பாலும் அரோமாட்டிக் வகை, அதாவது பென்சீன் வளையம் கொண்டது. விலையும் வினை வேகமும் சாதகம், வலிமையும் நல்லது. ஆனால் அந்த வளையம் புறஊதாக் கதிரை ஆசையாக விழுங்கும். விழுங்கி, மஞ்சளித்து, மூலக்கூறுச் சங்கிலி அறுந்து, மேற்பரப்பு மெல்லக் கரைந்து போகும். கார்பன் கருப்பு கலந்திருப்பதால் கதிர் ஆழமாக இறங்குவதில்லை. சேதம் மேலே சில மைக்ரான் அளவில் நிற்கும். பிணைப்புப் பொருள் போனபின் எஞ்சும் நிறமித் தூளே நாம் பார்க்கும் நரைப்பு. விரலால் தடவினால் சாம்பல் ஒட்டும். அந்தத் தூள் எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அதன் மேல் பெயின்ட் அடிப்பது தூசியின் மேல் அடிப்பதே.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேலே அடிக்கும் இரண்டு கூறு கிளியர் கோட்டும் பாலியூரிதேன் குடும்பம்தான். ஆனால் அதன் ஹார்ட்னரில், அதாவது அதை இறுகவைக்கும் கூறில், இருப்பது அலிஃபாட்டிக் ஐசோசயனேட். பென்சீன் வளையம் இல்லாதது, வெயிலில் மஞ்சளிக்காதது. தம்பியின் வெயில் தாங்காத உடம்பை அதே குடும்பத்து அண்ணன் மூடிக் காக்கிற ஏற்பாடு என்று சொல்லலாம். பெயின்ட் அடிக்காமல் கருப்பாகவே விட்ட ஸ்பாய்லர்கள் பெயின்ட் அடித்தவற்றைவிட முன்னதாக நரைப்பதற்கு இதுவே காரணம்.

ரப்பரின் எதிரி வேறு: ஓசோன். காற்றில் பத்துக் கோடியில் சில பங்கு என்ற அளவில் இருந்தாலும், சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு உள்ள ரப்பர்களை அது வெட்டிவிடும். இழுவிசை எந்தத் திசையில் இருக்கிறதோ அதற்குக் குறுக்காக வெடிப்பு ஓடும். ஆகவே வளைவின் வெளி விளிம்பில் வரிசையாகக் குட்டிக் கோடுகள் தெரிந்தால், அந்த இடம் இழுபட்டு நிற்கிறது என்று பொருள். வெடிப்பை மட்டும் அடைத்துவிட்டு இழுப்பை அப்படியே விட்டால் மறுபடி வரும். ஈபிடிஎம் ரப்பரின் முதுகெலும்புச் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு இல்லை, அதனால் ஓசோன் அதை ஒன்றும் செய்வதில்லை. அது நரைப்பதோடு நிற்கும். நல்ல ஈபிடிஎம் பட்டைக்கு என் யோசனை, பெயின்ட் அடிக்காதீர்கள் என்பதே. உள்ளிருந்து எண்ணெயும் மெழுகும் மேலே கசிந்துகொண்டே இருப்பதால் எதுவும் நெடுநாள் ஒட்டாது. கழுவி, ரப்பருக்கான கண்டிஷனர் தடவி விடுவது மேல்.

இவை வெளியே தெரியும் சேதங்கள். தெரியாதது உள்ளே. நுரைச் சதை கொண்ட ஸ்பாய்லருக்குள் பெரும்பாலும் எஃகுப் பட்டையோ போல்ட் பதித்த தகடோ வார்த்திருப்பார்கள். தோல் ஓரிடத்தில் கிழிந்தால், அல்லது போல்ட்டைச் சுற்றி நீர் புகாமல் தடுக்கும் கேஸ்கெட் சுருங்கினால், தண்ணீர் நுரைக்குள் இறங்கும். இறங்கியது எளிதில் வெளியே வராது. எஃகு துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். தோல் உள்ளிருந்து புடைத்து நீளவாக்கில் பிளக்கும். மேலே தெரியும் இந்தப் பிளவுக்கு வெறுமனே பட்டி போட்டு மூடுகிறவர் துருவுக்குக் கூரை போட்டுக் கொடுக்கிறார்.

எஃகு உள்ளே இருப்பதால் இன்னொரு தொல்லையும் உண்டு, அதைக் கணக்காகவே பார்க்கலாம். எஃகு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டருக்குச் சுமார் 12 மைக்ரோமீட்டர் நீளும். நெகிழும் பிளாஸ்டிக்குகள் 100 அல்லது அதற்கும் மேல். 1.2 மீட்டர் நீளமுள்ள ஸ்பாய்லர் அதிகாலைக் குளிரிலிருந்து நடுப்பகல் வெயிலுக்குப் போகும்போது 40 டிகிரி ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால், எஃகு நீள்வது 0.6 மில்லிமீட்டர், பிளாஸ்டிக் நீள விரும்புவது ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். யாரும் தொடாமல் வெயிலில் நிற்கும் காரிலேயே இந்த இழுபறி தினமும் நடக்கிறது. மேலே இருக்கும் பெயின்ட், பிரைமர், பட்டி எல்லாம் இதற்கு ஈடுகொடுத்தாக வேண்டும். தகடுக்குப் போடும் பாலியெஸ்டர் பட்டி இறுகியபின் கிட்டத்தட்ட நீளவே நீளாது. அதை வைத்து மெத்தென்ற ஸ்பாய்லரை நிரப்பினால், பட்டி உடைவதற்கு முன்பே அதன் ஓரம் பிரிந்து கோடு விழும்.

ஆக, வேலை கழற்றுவதில் தொடங்க வேண்டும். காரிலேயே வைத்துச் செய்யும் வேலை பாதி வேலை. உள்பக்கம், போல்ட்டின் வேர், கேஸ்கெட் எதையும் பார்க்க முடியாது. பழைய போல்ட்கள் துருவோடு ஒட்டியிருந்தால் முரட்டுத்தனமாகத் திருகக் கூடாது. நுரைக்குள் பதித்த தகடே சுழன்றுவிட்டால் உள்ளே பெரிய குழி விழும், பிறகு அது தனி வேலை. துரு இளக்கும் எண்ணெய் போட்டு ஓர் இரவு விடுங்கள்; ஆனால் எண்ணெய் நுரைக்குள் ஊறாதபடி கொஞ்சமாக, நட்டின் மேல் மட்டும்.

கழற்றியதும் கழுவல். இதில் வரிசை முக்கியம்: தேய்த்துவிட்டுக் கழுவக் கூடாது, கழுவிவிட்டுத்தான் தேய்க்க வேண்டும். பழைய ஸ்பாய்லரின் மேல் ஆண்டுக்கணக்கில் தடவிய பளபளப்பு எண்ணெய் இருக்கும், அதில் சிலிக்கோன் இருக்கும். உப்புத்தாள் அதைக் கீறல்களுக்குள் அழுத்தி நிரப்பிவிடும். பிறகு பெயின்ட் அடிக்கும்போது மீன் கண் போல வட்ட வட்டமாகப் பெயின்ட் விலகி நிற்கும். சோப்புத் தண்ணீரும் சாம்பல் நிற நைலான் பஞ்சும் முதலில். காய்ந்தபின் பிளாஸ்டிக்குக்கான கிளீனர். இரண்டு துணி வேண்டும். ஒன்று ஈரமாகத் துடைக்க, மற்றது காய்வதற்குள் எடுக்க. ஒரே துணியால் துடைத்தால் எண்ணெயை இடம் மாற்றுகிறோம், அவ்வளவுதான். தின்னரில் ஊறவைப்பது கூடவே கூடாது. மென்மையான யூரிதேன் தின்னரை உறிஞ்சி உப்பும். பெயின்ட் அடித்தபின் அது மெல்ல வெளியேறும்போது கொப்புளம் எழும்பும். பெயின்ட் உரிக்கும் ஜெல்லும் இதே காரணத்தால் ஆகாது. பழைய பெயின்டைக் கையால் தேய்த்தே எடுக்க வேண்டும். அலுப்பான வேலைதான்.

நுரைக்குள் நீர் போயிருந்தால் அடுத்து உலர்த்தல். 50 முதல் 60 டிகிரி வரை மென்மையான சூடு, நீண்ட நேரம், பாகத்தை அதன் வடிவத்திலேயே தாங்கிப் பிடித்தபடி. எடை பார்க்கும் தராசு கையில் இருந்தால் இன்னும் நல்லது: எடை குறைவது நின்றால் நீர் போய்விட்டது. தாங்கல் இல்லாமல் இரண்டு முனையில் தொங்கவிட்டு உலர்த்தினால் நடுவில் தொய்ந்துவிடும். ஏற்கெனவே தொய்ந்த ஸ்பாய்லரை நேர்பலகையில் கட்டி, இளஞ்சூடாக்கி, கட்டோடு ஆறவிட்டால் ஓரளவு நேராகும். டிபிஓ நன்றாகக் கேட்கும். பாலியூரிதேன் முழுதாகக் கேட்காது, கொஞ்சம் திரும்பி வரும். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னைக் காட்டினால் நரைத்த பிளாஸ்டிக் கருப்பாகும் என்ற வித்தையும் இங்கேதான் பலரைக் கவிழ்க்கிறது. அது பாலிப்ரொப்பிலீன் பட்டைகளில் மட்டும், அதுவும் சில மாதங்களுக்கு, பலிக்கும். பாலியூரிதேனில் தோல் வெந்து மினுமினுக்கும், பின்னர் பொடியும்.

இனி வெடிப்பு. கிழிந்த இடத்தைக் கண் பார்க்கும் நீளத்தோடு நிறுத்தக் கூடாது. பாகத்தை லேசாக வளைத்தால் கோடு இன்னும் எங்கே ஓடுகிறது என்று தெரியும். அந்த முனையில் மெல்லிய டிரில்லால் ஒரு துளை போட்டால் வெடிப்பின் கூர்முனை மழுங்கி, மேலே ஓடாமல் நிற்கும். பிறகு கோட்டை இரு சாய்வாக வெட்டித் திறக்க வேண்டும். சாய்வு அகலமாக இருந்தால்தான் பசைக்குப் பிடிக்க இடம் கிடைக்கும். முடிந்தால் பின்பக்கம் முதலில்: 80-ஆம் எண் உப்புத்தாளால் கீறி, கண்ணாடி இழை வலையை வைத்து, அதன் மேல் இரண்டு கூறு நெகிழும் யூரிதேன் ரிப்பேர் பொருளைப் பூசி இறுகவிட வேண்டும். ஒட்டின் வலிமை பின்பக்க வலையில், முன்பக்கப் பூச்சு அழகுக்கு. அந்த ரிப்பேர் பொருள் பல கடினங்களில் கிடைக்கும். பாகத்தின் மென்மைக்கு நெருக்கமானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கெட்டியானது வலுவானது என்ற நினைப்புதான் இந்த வேலையின் மிகப் பெரிய தவறு. சோதிக்க வழி எளிது: ஒரு துண்டு பிளாஸ்டிக் தாளின் மேல் கொஞ்சம் பூசி இறுகியபின் வளைத்துப் பாருங்கள். ஸ்பாய்லர் வளைகிற அளவுக்கு அது வளைய வேண்டும்.

டிபிஓ என்றால் கணக்கு மாறும். அதன் மேற்பரப்பு எதையும் எளிதில் ஒட்டவிடாது. ஆகவே பசைக்கு முன்பும், பிரைமருக்கு முன்பும் ஒட்டுத்திறன் கூட்டும் பிரமோட்டர் மெல்லிய பூச்சாக வேண்டும். அல்லது அதே இனக் குச்சியை வைத்துச் சூட்டில் பற்றவைக்கலாம். உருகும் பொருளாதலால் உண்மையான வெல்டிங் சாத்தியம். பாலியூரிதேனுக்கு யூரிதேன் குச்சி விற்கிறார்களே என்றால், அங்கே உருகுவது குச்சி மட்டும், பாகம் உருகாது. அது சூட்டில் போடும் பசை, வெல்டிங் அல்ல. முறையாகச் சாய்வு வெட்டிச் செய்தால் நன்றாகவே பிடிக்கும்.

விளிம்பில் ஒரு துண்டே காணாமல் போயிருந்தால் அச்சு கட்ட வேண்டும். பாலித்தீன் தாளிலோ பார்சல் டேப்பிலோ யூரிதேன் ஒட்டாது. அதனால் எதிர்முனையில் நல்ல நிலையில் இருக்கும் விளிம்பின் மேல் டேப் ஒட்டி, அதன் வடிவத்தைக் களிமண்ணிலோ பட்டியிலோ எடுத்து, இடவலம் ஒத்துவரும் நீளங்களில் உடைந்த பக்கத்தில் பொருத்தி ஊற்றலாம். விளிம்பின் கூர் இங்கே கவனத்துக்குரியது. எதிர்பாராமல் இடித்தால் மடங்கவேண்டிய இடம் அது. கெட்டியான எபாக்சி போட்டுக் கட்டினால் கத்தி கட்டியதாகும். கண்ணாடி இழையில் வார்த்து விற்கும் மாற்று ஸ்பாய்லர்களைப் பற்றி எனக்குள்ள தயக்கமும் இதுவே. பார்வைக்கு அச்சு அசல், பெயின்டும் நன்றாக நிற்கும், ஆனால் அந்தப் பாகம் மெத்தென்று இருந்ததற்கான காரணம் காணாமல் போகிறது.

இப்போது அந்த ஓரிரு மில்லிமீட்டர் தோலுக்கு வருவோம். நரைத்த மேற்பரப்பைத் தேய்த்து, விரலில் ஒட்டும் தூள் வருவது நிற்கும் வரை போக வேண்டும். அதற்கு மேல் ஒரு இழுப்புகூடப் போகக் கூடாது. மெஷின் சாண்டரை முனையிலோ வளைவிலோ இரண்டு விநாடி அதிகம் நிறுத்தினால் தோல் போய் நுரை எட்டிப் பார்க்கும். நுரையின் அறைகள் ஒவ்வொன்றும் ஒரு குண்டூசித் துளை; பிரைமர் உள்ளே இறங்கும், மேலே பள்ளமாகும், மறுபடி அடித்தால் மறுபடி இறங்கும். ஆகவே முனைகளில் கையாலும் பஞ்சுத் துண்டாலும் மட்டும், 320-ஆம் எண் தாளில் தொடங்கினால் போதும். நுரை வெளிப்பட்டுவிட்டதா? பிரைமரால் மூட முயலாதீர்கள். நெகிழும் யூரிதேன் ரிப்பேர் பொருளை அகலமான கத்தியால் அழுத்தி இழுத்து அறைகளை அடைத்து, புதுத்தோல் போலப் படியவிடுங்கள். அது முழுதாக இறுகும் வரை தேய்க்காதீர்கள். அரைகுறையாக இறுகிய நெகிழும் பட்டி தாளுக்கடியில் சுருண்டு ஓரம் கிழியும். புதிய, கூரான தாள், லேசான அழுத்தம்.

பாகம் வழுவழுப்பாக இல்லாமல் தோல் போன்ற மணிமணியான வரி உள்ளதாக இருந்தால் யோசிக்க வேண்டும். தேய்த்தால் வரி போகும். கனமான பிரைமர் அடித்தால் வரி நிரம்பும். வெடிப்பு இல்லாத, வெறுமனே நரைத்த வரிப்பாகத்துக்குத் தாளே வேண்டாம்; நைலான் பஞ்சும் கிளீனரும் போட்டு நன்றாக உரசி, நெகிழும் கருப்பு பம்பர் பூச்சை மெல்லிய சில அடுக்காக அடித்தால் வரி காப்பாற்றப்படும். ஒட்டுப் போட்ட இடத்தில் மட்டும் வரி இல்லாமல் மொட்டையாகத் தெரிவதற்கு, வரி தரும் டெக்ஸ்சர் ஸ்பிரேயைத் தூரத்திலிருந்து காய்ந்த தூறலாக விட்டு ஒப்பேற்றலாம். பக்கத்தில் நின்று பார்த்தால் தெரியும். மேட் கருப்பில் அடித்தால் குறைவாகத் தெரியும்.

வழுவழுப்பான பாகத்துக்கு: பிளாஸ்டிக் பிரைமர், பிறகு நெகிழ்வு சேர்ப்பான் கலந்த இரண்டு கூறு பிரைமர், தேய்ப்பு 400-இலிருந்து 600 வரை வாட்டர் பேப்பர், நிறம் தரும் பேஸ் கோட், நெகிழ்வு சேர்ப்பான் கலந்த கிளியர் கோட். நுரைப் பாகத்தில் வாட்டர் பேப்பரைத் துளைகள் எல்லாம் அடைபட்டபின்தான் பயன்படுத்த வேண்டும், இல்லையென்றால் உலர்த்திய பாடு வீண். நெகிழ்வு சேர்ப்பானை அளவுக்கு மேல் ஊற்றினால் இன்னும் நன்றாக வளையும் என்று எண்ண வேண்டாம். கிளியர் கோட் மாதக்கணக்கில் பிசுபிசுப்பாக நிற்கும், தூசியைப் பிடிக்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய ரகசியம் கனம். ஒரே பொருளானாலும் மெல்லிய படலம் வளையும், தடித்த படலம் உடையும். பானெட்டுக்கு ஆழமான பளபளப்புக்காக அடிக்கும் நாலு கோட் கிளியரை ஸ்பாய்லருக்கு அடிக்காதீர்கள். இரண்டு போதும். பழைய பெயின்டின் மேலேயே மீண்டும் மீண்டும் அடித்த ஸ்பாய்லர்கள் விரைவில் வெடிப்பதற்குக் காரணம் அந்தக் கனமே.

துடைக்கும்போது பிளாஸ்டிக்கில் நிலைமின்னூட்டம் ஏறித் தூசியை இழுக்கும். ஆகவே கடைசித் துடைப்பு அவசரமில்லாமல், ஒரே திசையில், ஆன்டிஸ்டாடிக் துணியால். வெள்ளி போன்ற மெட்டாலிக் நிறங்களில் உடலோடு அச்சாக ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வளைந்த பரப்பில் அலுமினியச் செதில்கள் வேறு கோணத்தில் படுக்கும். தனியாக ஒரு அட்டையில் அடித்துப் பார்த்து, ஸ்பாய்லர் இருக்கும் சாய்விலேயே அதைப் பிடித்து ஒப்பிட வேண்டும், மேசையில் படுக்கவைத்து அல்ல.

ஹார்ட்னர் உள்ள பெயின்டைப் பற்றி ஒரு வார்த்தை, இதில் எனக்குச் சமரசம் கிடையாது. அதில் இருக்கும் ஐசோசயனேட் புகையாக மூச்சில் போனால் ஆஸ்துமாவை உண்டாக்கும். ஒருமுறை உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால் பிறகு துளி அளவும் தாங்காது, திரும்பிப் போகவும் வழியில்லை. சாதாரணத் துணி முகமூடியும் தூசி மாஸ்க்கும் இதைத் தடுக்காது. வெளியிலிருந்து சுத்தக் காற்று வரும் மூச்சுக்கவசமே சரியான பாதுகாப்பு. அது இல்லாதவர் பழுதும் தேய்ப்பும் தானே செய்துவிட்டு, ஸ்பிரே வேலையை வசதி உள்ள பெயின்டரிடம் கொடுப்பது உசிதம். அவரிடம் கொடுக்கும்போது பாகம் என்ன பொருள் என்பதையும், எந்த ரிப்பேர் பொருள் போட்டோம் என்பதையும் எழுதிக் கொடுங்கள். அவர் தகடு என்று நினைத்துக் கைக்குக் கிடைத்த பட்டியை ஒரு கீற்று இழுத்துவிட்டால் இத்தனை நாள் பாடும் அந்தக் கீற்றில் முடியும்.

திரும்பப் பொருத்துவதில் அவசரம் வேண்டாம். கிளியர் கோட் தொட்டால் காய்ந்திருக்கும், ஆனால் முழு வலிமை வரச் சில நாளாவது ஆகும். அதற்குள் வளைத்து இழுத்து மாட்டினால் முதல் வெடிப்பை நாமே போடுகிறோம். பழைய கேஸ்கெட்டுகளைத் தூக்கிப் போடுங்கள். துருவை முழுதாகச் சுரண்டி எடுத்த போல்ட்டுக்கு எபாக்சி பிரைமர் பூசி, டிக்கித் தகட்டிலுள்ள துளையின் வெட்டு முகத்துக்கும் அதே பிரைமரைத் தொட்டு, புது ரப்பர் வாஷரோடு மாட்ட வேண்டும். நட்டை வாஷர் லேசாகப் பிதுங்கும் வரை திருகினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் போல்ட்டைச் சுற்றிப் பள்ளம் விழும், அந்தப் பள்ளத்தின் ஓரம் நிரந்தரமாக இழுபட்டு நிற்கும். நீள்துளை உள்ள இடங்களில் நட்டு துளையின் நடுவில் நிற்க வேண்டும்; வெயிலில் பாகம் நீள இரு பக்கமும் இடம் வேண்டுமே. முதல் மாதம் மெழுகு, பாலிஷ் எதுவும் வேண்டாம், தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும். உயரழுத்தக் கழுவு குழாயை விளிம்புக்கு நேராகப் பிடிக்காதீர்கள். அடுத்த மழைக்குப் பிறகு டிக்கியைத் திறந்து நட்டுகளின் அடியில் விரல் வைத்துப் பாருங்கள். ஈரம் இருந்தால் வாஷர் சரியாக உட்காரவில்லை. அன்றே கழற்றி மாற்றிவிடுங்கள்.